420 மில்லிஆம்பியரிலிருந்து 43க்கு: அப்பா கடை ஆம்ப்ளிஃபயரை மாற்றிய கதை

அப்பாவின் தையல் கடை சங்கரன்கோவிலில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும் அவர் செய்யும் முதல் வேலை ரேடியோவைத் திருகுவது. திருநெல்வேலி வானொலி, மீடியம் வேவில் 1197 கிலோஹெர்ட்ஸ். இரவு ஏழு மணிக்குக் கடையைப் பூட்டும்வரை அது ஓடும். நடுவில் மத்தியான நேரத்தில் மட்டும் ஒரு பழைய ஃபோனிலிருந்து பாட்டு.

2012 மின்வெட்டு நாட்களில் கூரைமேல் 20 வாட் சோலார் பேனல் ஒன்றைப் போட்டு, 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றை மேசைக்கடியில் வைத்தோம். மின்வெட்டு குறைந்த பிறகும் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பேட்டரியிலேயே தங்கிவிட்டன. அதற்குக் காரணம் உண்டு. மீடியம் வேவ் கேட்பவர்களுக்குத் தெரியும், கரண்டில் ஓடும் சார்ஜரும் எல்இடி பல்பும் எவ்வளவு இரைச்சலை உள்ளே தள்ளும் என்று. பேட்டரியில் ரேடியோ சுத்தமாக இருக்கும்.

சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும். நான்கு நாள் வானம் மூடியே இருந்தால், சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் பேட்டரி 11.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். பாட்டு உடைந்து கரகரக்கும். அப்பா எழுந்து வந்து சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போவார். பிறகு இன்னும் குறைப்பார். ஆறு மணிக்கு ரேடியோ இருந்தும் இல்லாத மாதிரிதான். பெரிய பேட்டரி வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வாங்குவதற்கு முன் இந்தக் கரண்ட் எல்லாம் எங்கே போகிறது என்று அளந்து பார்த்தேன். அந்த அளவுதான் மூன்று மாத வேலையாக நீண்டது.

கடையில் இருந்தது டபுள் 4440 செட். தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு சான்யோவின் எல்ஏ4440 ஐசியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆட்டோ, மினி பஸ், டீக்கடை எல்லாவற்றிலும் பாடியது அதுதான். ஒரே ஐசியில் 6 வாட்டில் இரண்டு சேனல், இரண்டு சேனலும் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டும் பிரிட்ஜாகக் கட்டினால் 19 வாட். எங்கள் செட்டில் பக்கத்துக்கு ஒரு ஐசி, இரண்டும் பிரிட்ஜ். நல்ல ஐசி, நேர்மையான சத்தம். அதைக் குறை சொல்ல இந்தப் பதிவை எழுதவில்லை.

அளப்பதற்கு ஒரு சின்ன ஏற்பாடு தேவைப்பட்டது. பாட்டு ஓடும்போது மல்டிமீட்டரில் ஆம்பியர் எண் ஓரிடத்தில் நிற்காது. அதனால் பேட்டரி நெகட்டிவ் ஒயரில் 0.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, அதன் இரு முனையிலிருந்தும் 10 கே ரெசிஸ்டர், 470 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வழியாக மீட்டருக்குக் கொண்டுபோனேன். ஏறக்குறைய ஐந்து விநாடிக்கான சராசரி கிடைக்கும். ஒரு மில்லிவோல்ட் என்றால் பத்து மில்லிஆம்பியர்.

பாட்டே ஓடாமல், சும்மா ஆன் செய்து வைத்திருக்கும்போது 210 மில்லிஆம்பியர். எல்ஏ4440 தரவுத்தாளிலேயே ஓர் ஐசிக்குச் சும்மா இருக்கும் கரண்ட் 100 மில்லிஆம்பியர் என்று போட்டிருக்கிறார்கள், ஆக அது சரிதான். அப்பா வழக்கமாக வைக்கும் சத்தத்தில் 420. பத்து மணி நேரத்துக்கு 4.2 ஆம்பியர்-அவர். 7 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் தினமும் உறிஞ்சினால் அது எத்தனை நாள் தாங்கும்?

அதே நேரம் ஸ்பீக்கர் முனையில் எவ்வளவு போகிறது என்றும் பார்த்தேன். சராசரி 1.3 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கர், ஆக ஒன்றுக்கு 0.2 வாட், இரண்டுக்கும் சேர்த்து 0.4 வாட். பேட்டரியிலிருந்து போனதோ 5.2 வாட். நூற்றுக்கு எட்டுதான் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்கிறது. மிச்சம் தொண்ணூற்றிரண்டும் ஹீட் சிங்க்கைச் சுட வைக்கிறது.

புத்தகத்தில் எங்கள் பழைய செட் போன்ற கிளாஸ் பி ஆம்ப்ளிஃபயரின் திறன் 78.5 சதவீதம் என்று படித்திருப்போம். அது முழுச் சத்தத்தில், வெளியீடு சப்ளை வோல்ட்டேஜைத் தொடும்போது மட்டும் கிடைப்பது. சத்தம் குறையக் குறைய அந்த விகிதமும் அதே அளவில் குறையும். 1.3 வோல்ட் ஆர்எம்எஸ் (சக்திக் கணக்குக்கான சராசரி) என்றால் உச்சம் 1.84 வோல்ட், பேட்டரியின் 12.4 வோல்ட்டில் இது 15 சதவீதம். 78.5ல் 15 சதவீதம் எடுத்தால் பன்னிரண்டைக்கூடத் தொடவில்லை. அதன்மேல் சும்மா ஓடும் கரண்ட்டைச் சேர்த்தால் எட்டு. பாட்டில் உச்சம் எப்போதோ ஒருமுறைதான் வரும், சராசரி அதற்கு வெகு கீழே கிடக்கும். வீட்டில், கடையில் கேட்கும் எவருக்கும் கணக்கில் வருவது அந்தக் கீழ்ப்பகுதிதான். 90 சதவீதம், 95 சதவீதம் என்று அட்டையில் அச்சிடுவதெல்லாம் நாம் ஒருநாளும் வைக்காத சத்தத்தில் எடுத்த அளவு. எனவே நான் பார்க்க வேண்டியது இரண்டே: சும்மா இருக்கும்போது எத்தனை மில்லிஆம்பியர், கால் வாட்டில் எத்தனை மில்லிஆம்பியர்.

கிளாஸ் டி என்று முடிவு செய்தேன். ட்ரான்சிஸ்டரைப் பாதித் திறந்த குழாய்போல வைக்காமல், விநாடிக்கு லட்சக்கணக்கான முறை முழுக்கத் திறந்து முழுக்க மூடுகிறது. மூடியிருக்கும்போது கரண்ட் இல்லை, திறந்திருக்கும்போது அதன்மேல் வோல்ட்டேஜ் இல்லை, அதனால் சூடு இல்லை. திறந்திருக்கும் நேரத்தின் அளவைக் கூட்டிக் குறைத்தே பாட்டின் அலை உருவாகிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116டி2 ஐசி உள்ள போர்டு ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். 4.5 வோல்ட்டிலிருந்து 26 வரை எதிலும் ஓடும். தரவுத்தாளில் 12 வோல்ட்டில் சும்மா இருக்கும் கரண்ட் 20 மில்லிஆம்பியர் என்று இருந்தது. அந்த ஓர் எண்ணுக்காகத்தான் அதை எடுத்தேன்.

போர்டை மேசையில் வைத்து ஆன் செய்தால் 52 மில்லிஆம்பியர். தரவுத்தாள் சொன்னதைப்போல இரண்டரை மடங்கு. பழைய செட்டோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய லாபம்தான். ஆனாலும் மிச்சம் 32 எங்கே என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

முதல் திருடன் கண்ணுக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. போர்டிலிருந்த நீல எல்இடி 7 மில்லிஆம்பியர் குடித்தது. அதன் ரெசிஸ்டரைக் கழற்றி 10 கே வைத்தேன். ஒரு மில்லிஆம்பியரில் இப்போதும் இருட்டில் நன்றாகவே தெரிகிறது. 46.

இரண்டாவது ஆள் வெளியீட்டுக் காயில். இந்த ஐசி பாட்டு இல்லாதபோதும் நாலு வெளியீட்டு முனைகளையும் 400 கிலோஹெர்ட்ஸில் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முனைக்கும் ஒரு காயில், ஒரு கண்டன்சர். காயிலின் மறுமுனை சப்ளையில் பாதி வோல்ட்டேஜில் நிற்கும், ஆக அதன்மேல் பிளஸ் 6, மைனஸ் 6 என்று மாறி மாறி விழும். போர்டில் இருந்தது 10 மைக்ரோஹென்றி. கணக்குப் போட்டால் 0.75 ஆம்பியர் அலைகிறது, உச்சியிலிருந்து அடிவரை. பாட்டே இல்லாமல்! இந்த அலைச்சல் காயிலின் கம்பியையும் உள்ளிருக்கும் கருவையும் சுட வைக்கிறது. விரலை வைத்தால் காயில்கள் ஐசியைவிடச் சூடாக இருந்தன. மல்டிமீட்டரே இல்லாவிட்டாலும் அந்தச் சூடு ஒன்று போதும், கரண்ட் எங்கே போகிறது என்று சொல்ல.

22 மைக்ரோஹென்றி, 3 ஆம்பியருக்கு மேல் தாங்கும், மேலே ஃபெரைட் மூடிய வகை காயில்கள் நான்கு வாங்கி மாற்றினேன். அலைச்சல் 0.34 ஆம்பியராகக் குறைந்தது. மீட்டரில் 31.

கரண்ட்டை மிச்சம் பிடிக்கப் போட்ட இந்தக் காயில் சத்தத்தையும் சரிசெய்தது. 8 ஓம் ஸ்பீக்கரை இரண்டு முனையும் சேர்ந்து ஓட்டும்போது ஒவ்வொரு பாதிக்கும் 4 ஓம் மாதிரித் தெரியும். 10 மைக்ரோஹென்றியும் 0.68 மைக்ரோஃபாரட்டும் சேர்ந்தால் 61 கிலோஹெர்ட்ஸில் ஒரு மேடு எழும்பும், மேட்டின் கூர்மையைச் சொல்லும் கியூ மதிப்பு 1.04. அதன் வால் 20 கிலோஹெர்ட்ஸிலேயே அரை டெசிபெல் தூக்கலாகத் தெரியும். 22 வைத்தால் வெட்டும் இடம் 41 கிலோஹெர்ட்ஸ், கியூ 0.7. மேடு கிடையாது, 20 கிலோஹெர்ட்ஸில் கால் டெசிபெல் குறைவு, அவ்வளவுதான். போர்டு தயாரித்தவர்கள் 4 ஓமையும் 8 ஓமையும் ஒன்றாகச் சமாளிக்க ஒரு நடு மதிப்பைப் போட்டிருப்பார்கள். எனக்கு 8 ஓம் மட்டும் போதும். ஸ்பீக்கர் எது என்று தெரிந்து ஆம்ப்ளிஃபயர் செய்வதில் இருக்கும் வசதி இது. 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் என் மதிப்பை அப்படியே எடுக்க வேண்டாம், மேல்ஸ்தாயி மங்கிவிடும்.

இனி இரைச்சல். காதை ஸ்பீக்கரில் ஒட்டினால் 'ஸ்ஸ்' என்று நன்றாகவே கேட்டது. போர்டு 32 டெசிபெல் கெயினில் இருந்தது, அதாவது நாற்பது மடங்கு. ரேடியோவின் இயர்ஃபோன் முனையிலிருந்து வருகிற சிக்னலுக்கு நாற்பது மடங்கு எதற்கு? இந்த ஐசியில் ஒரு முனையில் வைக்கும் ரெசிஸ்டர்தான் கெயினை முடிவு செய்யும்: 20, 26, 32, 36 என நாலு படி. அந்த முனையிலிருந்து கிரவுண்டுக்கு 5.6 கே மட்டும் வைத்து, மற்றதைக் கழற்றினால் 20 டெசிபெல், பத்து மடங்கு. 'ஸ்ஸ்' போயே போய்விட்டது. இரவில், கடை மூடிய பிறகு, காதை ஒட்டினால் லேசாகத் தெரியும்.

கெயினைக் குறைத்தால் உள்ளீட்டு மின்தடை 15 கேயிலிருந்து 60 கேக்கு ஏறும். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். உள்ளீட்டில் இருந்தது ஒரு மைக்ரோஃபாரட் செராமிக் கண்டன்சர். அந்த வகை செராமிக்கின் மதிப்பு அதன்மேல் விழும் வோல்ட்டேஜுக்கு ஏற்ப மாறும், தாழ்ந்த ஸ்தாயியில் அது சிதைவாக வெளிப்படும். 60 கே கிடைத்துவிட்டதால் 0.22 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கண்டன்சரே போதும், 12 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், இடத்திலும் அடங்கும். மாற்றுகிறவர்கள் பாசிட்டிவ் காலில் மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள். நெகட்டிவ் காலிலும் அதே மதிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் 'டொப்' என்று அடிக்கும்.

இந்த இடத்தில் ஒரு தப்பு செய்தேன். சிதைவை அளக்க லேப்டாப்பின் ஹெட்ஃபோன் முனையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒலி கொடுத்து, ஸ்பீக்கர் முனையை அதே லேப்டாப்பின் மைக் முனையில் கொண்டுவந்து செருகினேன். ஆம்ப்ளிஃபயர் சட்டென்று ஊமையாகிவிட்டது. பிரிட்ஜ் வெளியீட்டில் ஸ்பீக்கரின் மைனஸ் என்பது கிரவுண்ட் கிடையாது. அதுவும் ஆடிக்கொண்டிருக்கும் முனைதான். லேப்டாப்பின் கிரவுண்ட் வழியாக அதை நானே ஷார்ட் செய்திருந்தேன். ஐசியின் பாதுகாப்பு வேலை செய்ததால் எதுவும் எரியவில்லை. பழைய டெலிபோன் லைனில் வரும் 600 ஓம் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் வைத்து, முன்னால் ரெசிஸ்டர்களும் ஒரு சின்ன கண்டன்சரும் போட்டு 400 கிலோஹெர்ட்ஸ் மிச்சத்தை வடிகட்டிய பிறகு ஒழுங்காக அளக்க முடிந்தது. ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் கம்பி ரெசிஸ்டர்.

அந்த அளவு எதற்கு என்றால், ஐசியில் இன்னொரு ஆசை காட்டும் முனை இருக்கிறது. ஐசியின் முதல் காலைக் கிரவுண்டில் வைத்தால் 'பிடி' (BD) என்ற சாதாரண முறை. அதை உயரத்தில் வைத்தால் 1எஸ்பிடபிள்யூ என்ற சிக்கன முறை. பாட்டு இல்லாதபோது முனைகள் பாதிக்குப் பாதி ஆடாமல் சுமார் 15 சதவீதம் மட்டும் ஆடும், அலைச்சல் இன்னும் பாதியாகும். மாற்றிப் பார்த்தேன். 31லிருந்து 24 ஆனது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அளந்து பார்த்தபோது, ஒரு வாட்டுக்குக் கீழே மூன்றாவது ஹார்மோனிக் (மூல ஒலியின் மூன்று மடங்கு அதிர்வெண்ணில் வரும் சிதைவு) முன்பைவிடத் தலைதூக்கியிருந்தது. இதைத் தரவுத்தாளும் மறைக்கவில்லை, சிதைவில் சிறு விலை கொடுக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். எண் சின்னதுதான். காதுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அப்பாவை உட்கார வைத்து, எது எது என்று சொல்லாமல், ஆஃப் செய்து ஆஃப் செய்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரே நாகஸ்வரப் பதிவு, ஒரே சத்தம். எட்டு முறை போட்டதில் ஏழு முறை சாதாரண 'பிடி' முறையைத்தான் கை காட்டினார். "இதுல வாசிக்கிறவரு பக்கத்துல இருக்காரு, அதுல ஊதல் கொஞ்சம் காஞ்சு கேக்கு" என்றார். நாற்பது வருடமாகத் துணியின் நெசவைத் தடவிப் பார்த்தே தரம் சொல்கிறவர். அவர் காதுக்கும் அதே பழக்கம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

7 மில்லிஆம்பியரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 31லேயே இருக்கட்டும்.

பெட்டிக்குள் போர்டை மாட்டும்போது ஒரு சின்ன விஷயம். பழைய செட்டில் பேட்டரி ஒயரை மாற்றிக் கொடுத்தால் எரியாமலிருக்க 1என்5408 டயோடு ஒன்றைத் தொடராக வைத்திருந்தார்கள். அது 0.7 வோல்ட்டை விழுங்கும். 12 வோல்ட்டில் 0.7 போனால் கிடைக்கக்கூடிய உச்ச சக்தியில் பதினொரு சதவீதம் போகும், பேட்டரி தளர்ந்திருக்கும் சாயங்காலத்தில்தான் அது உறைக்கும். அதற்குப் பதில் ஐஆர்எஃப்4905 என்ற பி-சேனல் மாஸ்ஃபெட் ட்ரான்சிஸ்டரைப் போட்டேன். 20 மில்லிஓம்தான், ஓர் ஆம்பியர் போனாலும் 0.02 வோல்ட்டோடு முடிந்தது. ஐசிக்கு ஒட்டினாற்போல 2200 மைக்ரோஃபாரட் ஒன்றும் வைத்தேன். தவிலின் அடி அதில்தான் நிற்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் கொண்டுபோய் வைத்தேன். பழைய ஸ்பீக்கரில், பழைய சத்தத்தில், 70 மில்லிஆம்பியர். திங்கட்கிழமை பத்து மணிக்கு அப்பா ஃபோன் செய்தார்.

"ஏலே, ஸ்டேஷன்ல ஒரு விசில் சத்தம் கேக்கு. பேச்சுக்குப் பின்னாலயே நிக்கி."

"ஃபோன் பாட்டுலயும் கேக்காப்பா?"

"அதுல இல்ல. ரேடியோல மட்டுந்தான்."

சாயங்காலம் போய்க் கேட்டேன். மெல்லிய 'கீ' என்ற ஒரே சுரம். ஆம்ப்ளிஃபயர் ஆன் செய்து பத்து நிமிடம் ஆனதும் சுரம் கொஞ்சம் நகர்ந்தது. வேறு ஸ்டேஷனுக்குத் திருகினால் இல்லை. இயர்ஃபோனைச் செருகி, ஆம்ப்ளிஃபயரை அணைத்தால் இல்லை. ஆன் செய்தால் இயர்ஃபோனிலும் வருகிறது. அதாவது ஒயர் வழியாக வரவில்லை, காற்று வழியாக ரேடியோவின் ஃபெரைட் ஆன்டெனாவுக்குள் போகிறது.

400 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை. சதுர அலையில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் பலமாக இருக்கும். மூன்றாவது, 1200. அப்பாவின் ஸ்டேஷன் 1197. வித்தியாசம் 3 கிலோஹெர்ட்ஸ், விசிலின் சுரம் அதுதான். ஐசியின் அலையியற்றி சூட்டுக்கு ஏற்ப லேசாக நகர்வதால் விசிலும் நகர்ந்தது. கடையின் இரு மூலைக்கும் ஓடுகிற ஆறு மீட்டர் ஸ்பீக்கர் ஒயர் இதற்கு நல்ல ஆன்டெனா. காயிலும் கண்டன்சரும் சேர்ந்த வடிகட்டி 400ல் நாற்பது டெசிபெல்லைத் தின்கிறது, ஆனாலும் ரேடியோ ஐந்தடி தூரத்தில் இருக்கும்போது மிச்சம் போதும்.

ஐசியை வடிவமைத்தவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். 13, 14, 15 ஆகிய மூன்று கால்களுக்கு ஏஎம்2, ஏஎம்1, ஏஎம்0 என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், ஏஎம் ரேடியோவுக்கு வழிவிடுவதற்கான கால்கள். அவற்றை வைத்து 400, 500, 600, 1000, 1200 கிலோஹெர்ட்ஸ் என்று மாற்றலாம். 600 வைத்தால் அதன் இரண்டு மடங்கும் 1200தான், உதவாது. 500 வைத்தால் 1000, 1500. 1197க்கு இரண்டு பக்கமும் தாராள இடம்.

போர்டில் மூன்று கால்களும் கிரவுண்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. 15ஆம் காலை மட்டும் தூக்க வேண்டும். காலுக்கும் காலுக்கும் இடைவெளி 0.65 மில்லிமீட்டர். அப்பாவின் ஊசி டப்பாவிலிருந்து மிக மெல்லிய கை ஊசி ஒன்றை எடுத்தேன். பூதக்கண்ணாடியை ஸ்டாண்டில் மாட்டி, ஃபிளக்ஸ் தடவி, ஊசி முனையைக் காலின் கீழே நுழைத்து, மறுகையில் சோல்டரிங் அயர்னால் ஒரு தொடு தொட்டேன். ஈயம் பளபளத்த அந்த அரை விநாடியில் ஊசியை மேலே நெம்பினால் கால் ஒரு முடி அளவு எழும்பும். அது போதும். அயர்னை எடுத்த பிறகும் ஊசியை அப்படியே பிடித்திருக்க வேண்டும், ஈயம் உறையும்வரை. பிறகு எனாமல் கம்பியின் ஓர் இழையை அந்தக் காலில் வைத்து, 100 கே ரெசிஸ்டர் வழியாக 7ஆம் காலில் இருக்கும், ஐசியே உள்ளே உருவாக்கும் ஜிவிடிடி சப்ளைக்குக் கொண்டுபோனேன். பக்கத்துக் காலில் ஒட்டவில்லை என்று மீட்டரில் மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் ஆன் செய்தேன்.

விசில் போய்விட்டது. ஸ்பீக்கர் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டியதும் பின்னணியில் இருந்த லேசான உறுமலும் குறைந்தது. சும்மா இருக்கும் கரண்ட் 31லிருந்து 34 ஆனது, வேகமாகத் திறந்து மூடுவதற்கு ஆகும் செலவு அது. இந்த மூன்று மில்லிஆம்பியரை நான் மனமாரக் கொடுத்தேன். ரேடியோ கேட்பதற்காகச் செய்த ஆம்ப்ளிஃபயர் ரேடியோவையே கெடுத்தால் அதன் சிக்கனத்தை வைத்து என்ன செய்வது?

அப்புறம் ஃபோன். அதே பேட்டரியிலிருந்து 5 வோல்ட் மாட்யூலில் சார்ஜ் ஆகிக்கொண்டே பாட்டு போடும்போது 'கிர்ர்' என்று ஒரு சத்தம். ஃபோனின் கிரவுண்ட் சார்ஜர் ஒயர் வழியாக ஒன்று, ஆடியோ ஒயர் வழியாக ஒன்று என்று இரண்டு பாதையில் வருவதுதான் காரணம். இதற்கென்று தனி மாட்யூல் விற்கிறார்கள், அதுவும் தன் பங்குக்குக் கரண்ட் எடுக்கும். ஐசியின் உள்ளீடு உண்மையில் இரண்டு கால்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் பெருக்குகிறது. போர்டில் நெகட்டிவ் காலைக் கண்டன்சர் வழியாக அங்கேயே கிரவுண்டில் கட்டிவிட்டார்கள். அந்தக் கண்டன்சரின் கிரவுண்ட் முனையை விடுவித்து, ஷீல்டு ஒயரின் இரண்டாவது இழை வழியாக ஃபோன் ஜாக்கின் கிரவுண்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஃபோன் கிரவுண்டில் என்ன ஆட்டம் இருந்தாலும் இரண்டு காலிலும் ஒன்றாக வருகிறது, கழிந்துவிடுகிறது. ஒரு மில்லிஆம்பியர்கூடச் செலவில்லை. இந்த முழு வேலையில் எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இதுதான்.

இத்தனைக்கும் பிறகு 72ல் நின்றது. அதில் 34 சும்மா இருக்கும் செலவு, மிச்சம் பாட்டு. பாட்டுக்கான செலவைக் குறைக்க ஆம்ப்ளிஃபயரில் இனி இடமில்லை. ஐசியின் உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட் ஒவ்வொன்றும் 120 மில்லிஓம். 8 ஓமுக்கு முன்னால் அவை தின்பது மூன்று சதவீதம். மிஞ்சியிருப்பது ஸ்பீக்கர்.

கடையில் இருந்தவை நாலு அங்குல ரப்பர் விளிம்பு ஸ்பீக்கர்கள். சின்னப் பெட்டியில் பாஸ் வர வேண்டும் என்று கூம்பைக் கனமாகச் செய்திருப்பார்கள். கனமான கூம்பை ஆட்ட அதிகச் சக்தி வேண்டும். அந்தக் காலத்து எட்டு அங்குல காகிதக் கூம்பு ஸ்பீக்கர்கள் அப்படி இல்லை. சில வாட் மட்டுமே தரும் வால்வு ஆம்ப்ளிஃபயர்களோடு வாழ்ந்தவை அவை. 3 டெசிபெல் அதிகம் ஒலிக்கும் ஸ்பீக்கர் என்றால் பாதி சக்தி போதும், 10 டெசிபெல் என்றால் பத்தில் ஒரு பங்கு.

பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி கிடைத்தது. நடுவில் சின்னக் கூம்பு, மடிப்பு மடிப்பான காகித விளிம்பு. மீட்டரில் 6.8 ஓம் காட்டியது, ஆக 8 ஓம் ஸ்பீக்கர்தான். நான்கு விரலைப் பரப்பி வைத்துக் கூம்பை மெல்ல அழுத்தி விட்டேன், காயில் எங்கும் உரசவில்லை. ஒன்றில் மட்டும் விளிம்பில் ஓர் அங்குலக் கிழிசல். டிஷ்யூ காகிதத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தேன், கிழித்த ஓரம் மெல்லியதாக இருக்கும், ஒட்டினால் மேடு தெரியாது. தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து முன்னும் பின்னும் ஒட்டினேன். பசை அதிகமானால் அந்த இடம் விறைத்துவிடும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பெட்டி, முன்னால் அப்பா தைத்துக் கொடுத்த துணி.

ஃபோன் ஆப்பில் சத்த அளவைப் பழையதற்குச் சமமாக வைத்துவிட்டு ஸ்பீக்கர் முனையை அளந்தேன். முன்பு 1.3 வோல்ட், இப்போது 0.6. கிட்டத்தட்ட ஏழு டெசிபெல், சக்தியில் நாலரை மடங்குக்கு மேல். பேச்சு முன்பைவிடத் தெளிவு, குரல் முன்னால் வந்து நிற்கிறது. ஆழ்ந்த பாஸ் பழைய ஸ்பீக்கரில் இருந்த அளவு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டியை இன்னும் பெரிதாக்கினால் கொஞ்சம் கிடைக்கும், கட்டிங் மேசைக்குமேல் அதற்கு இடமில்லை.

மீட்டரில் 43 மில்லிஆம்பியர்.

ஒரு நாளுக்கு 0.43 ஆம்பியர்-அவர். அந்த வருடம் கார்த்திகையில் ஆறு நாள் தொடர்ந்து வெயிலே தலைகாட்டவில்லை. ஆறாம் நாள் இரவு ஏழு மணிக்குப் போய் பேட்டரியில் மீட்டர் வைத்தேன், 12.2 வோல்ட். அப்பா கடைசிச் சட்டைக்கு பட்டன் கட்டிக்கொண்டிருந்தார், சத்தம் காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. பெட்டியின் மூடியைத் திறந்து காயில்மேல் விரல் வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை.